கடைசி வரி ஓரத்துக்கு வந்த நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். பழகாதவர்கள் வாசிக்கச் சிரமப்படுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டதால் எந்த லகரம் எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். இதைக் கணினியில் ஏற்றப்போகும் பிள்ளை எழுத்துப்பிழைகளைத் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம். வரி எதையும் விட்டுவிட மட்டும் வேண்டாம்.

போன மாதம் மீனவர் சங்கங்களின் சமாசத்தின் கணினிப் பிரிவுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தேன். கண் பார்வை மங்கி நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. நான் அதிகம் பேசாத ஆள்; மூலையில் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் எதையோ எழுதிவிட்டு ஒரு விசையைத் தட்டினார். தாறுமாறாகக் கிடந்த வரிகள் ஒரே நொடியில் படிப்படியாக உள்ளே போய், படிப்படியாக வெளியே வந்து ஒழுங்காக நின்றன. நான் வாயைப் பிளந்ததைக் கண்டு அவர் சிரித்து, அண்ணன் முறைக்குக் காக்கா என்று அழைத்துச் சொன்னார்.

“ஃபோமேட் பண்ணின காக்கா. இப்பிடி ஒழுங்கா வந்துட்டெண்டா எல்லாம் சரி எண்டு அர்த்தம்.”

அதற்கு நான் ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொற்கள் வந்து சேர்வதற்குள் நீங்கள் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டீர்கள். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வரிகளைத் தட்டத் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அதற்கு முன் கிண்ணியாவில் தோணிகளுக்கு இலக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பெயின்ட் டின்னும் இரண்டு தூரிகையும்தான் என் தொழில். ஆங்கில எழுத்துகளின் சத்தம் எனக்குத் தெரியாது, உருவம் தெரியும். ஒருமுறை ஒரு தோணியில் ஏழு என்ற இலக்கத்தை ஒன்று என்று எழுதிவிட்டேன். தோணிக்காரர் கரையெல்லாம் கேட்கிற மாதிரி ஏசினார். வாசித்துப் பார்த்தால் கண் தனக்குத் தெரிந்ததையே காண்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதன் பிறகு எழுதி முடித்தால் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு, பின்பக்கமாகவே சரிபார்ப்பேன்.

எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. அது யுத்த காலம்; கடலுக்குப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலைக் கிழமைக்கு ஒருமுறை இராணுவ முகாமுக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் தோணி தள்ள முடியாது. அந்தப் பட்டியலை எடுக்கும் புரோகிராமைத் திருகோணமலை நகரத்தில், உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த ஒரு பெண் எழுதினார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை மிஸ் என்றே அழைத்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

புரோகிராம் எங்களிடம் வந்து சேர்வதுதான் பெரிய பாடு. களப்பைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையடியில் சோதனை. ஒரு டிஸ்க் கொண்டுபோனால் இது என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று கேள்வி. பதில் சொன்னாலும் அதை நம்ப வழியில்லை, திறந்து பார்க்க அங்கே இயந்திரம் இல்லையே. இரண்டு டிஸ்க்குகள் விசாரணை மேசையில் நாள் முழுக்க வெயிலில் கிடந்து கெட்டுப்போயின. கடதாசி என்றால் பிரச்சினை குறைவு. புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். ஆகவே மிஸ் புரோகிராமைக் கடதாசியில் அச்சடித்து அனுப்புவார். இந்தக் கரையில் ஒருவர் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து திரும்பத் தட்ட வேண்டும்.

முதலில் தட்டியவர் படித்த பெண். அவர் ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் மிஸ் சுருக்கி எழுதிய சொற்களையெல்லாம் முழுச் சொற்களாகத் திருத்திவிடுவார். புரோகிராம் ஓடாது. அப்போதுதான் சங்கத்தின் செயலாளருக்கு என் ஞாபகம் வந்தது. அவரை நாங்கள் ஹாஜியார் என்போம்.

“தோணியில பாத்து எழுதுற நீ, இதையும் பாத்துத் தட்டு தம்பி. வெளங்கத் தேவல்ல” என்றார்.

நகரத்துக்குப் போனேன். மிஸ் ஒரு பக்கத்தைத் தந்து தட்டச் சொன்னார். ஒரு மணித்தியாலம் எடுத்தேன். திரையைப் பார்த்து அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

“பக்க இலக்கத்தையும் சேர்த்து அடிச்சிருக்கிறீங்களே காக்கா!”

“கடதாசியில இருந்திச்சி மிஸ்.”

“சரி சரி. விடுற ஆளை விட, கூடப் போடுற ஆள் நல்லம். நாளையில இருந்து தொடங்குங்கோ.”

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது எழுத்துகள் அல்ல, இடைவெளிகள். மிஸ்ஸின் வரிகள் சில ஓரத்தில் தொடங்கும், சில மூன்று இடம் தள்ளி, சில ஆறு இடம் தள்ளித் தொடங்கும். நான் அடிமட்டத்தைக் கடதாசியில் வைத்து அளந்து அளந்து தட்டினேன். ஏன் இப்படித் தள்ளித் தள்ளி எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

“இஃப் எண்டு வந்தா ஒரு கதவு திறக்குது காக்கா. எண்ட்இஃப் எண்டா அது சாத்துது. உள்ளுக்கு இருக்கிறதைத் தள்ளி எழுதினா, எது எந்த அறைக்குள்ள எண்டு பார்த்த உடன தெரியும். மெசினுக்கு இடைவெளி தேவையில்லை. எங்களுக்குத்தான் தேவை.”

“மெசினுக்குத் தேவல்லயா? அப்ப நான் இவ்வளவு நாளும் அளந்தது?”

“அடிமட்டம் வச்சே அளந்தனீங்கள்?” அவர் தலையில் கைவைத்தார்.

அடுத்த முறை வந்த கடதாசிகளோடு இரண்டு பக்கத்தில் ஒரு சிறிய புரோகிராம் இருந்தது. இது பட்டியல் எடுக்காது, இன்னொரு புரோகிராமை வாசித்து அதன் வரிகளை ஒழுங்குபடுத்தும் என்று மேலே எழுதியிருந்தார். எல்லா வரியையும் ஓரத்திலிருந்தே தட்டினால் போதும். கதவு திறக்கும் வரியைக் கண்டால் அது அடுத்த வரியிலிருந்து மூன்று இடம் தள்ளும். சாத்தும் வரியைக் கண்டால் மூன்று இடம் திரும்பி வரும். நாங்கள் அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்தோம்.

அதைத் தட்டி முடித்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. மற்றப் புரோகிராம்களைச் சீவுவது இருக்கட்டும், இதற்கு இதையே கொடுத்தால் என்ன செய்யும்? கொடுத்தேன். தட்டையாகக் கிடந்த அந்த இரண்டு பக்கமும் தன்னைத்தானே சீவிக்கொண்டு எழுந்து நின்றது. எனக்கு மேனி சிலிர்த்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஹாஜியாரிடம் சொன்னேன்.

“தன்ட தலைய தானே சீவின எண்டு செல்றியா? நாமளும் அதைத்தான் தம்பி ஒவ்வொரு நாளும் செய்றம்” என்றார். அவருக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை.

சீப்பைப் பற்றி நான் வேறொன்றும் கண்டுபிடித்தேன். அதை மிஸ்கூட எதிர்பார்க்கவில்லை. நான் எங்காவது ஓர் எண்ட்இஃப் வரியை விட்டுவிட்டால், அந்த இடத்திலிருந்து எல்லா வரிகளும் மூன்று இடம் தள்ளியே போகும். கடைசி வரி ஓரத்துக்கு வந்து சேராமல் நடுவில் தொங்கும். கதவு திறக்கும் வரியை விட்டால் பிற்பகுதி ஓரத்தில் மோதி நசுங்கும். ஆகவே புரோகிராமில் ஒரு சொல்லும் விளங்காத நான், கடைசி வரி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்து, தட்டியதில் பிழை உண்டா என்று சொல்லிவிட முடிந்தது. கடதாசியிலுள்ள உருவத்தையும் திரையிலுள்ள உருவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எந்த இடத்தில் என்பதும் தெரியும். மிஸ்ஸிடம் சொன்னபோது, “இதை நான் ஒழுங்குக்குத்தான் எழுதினன், நீங்கள் பரிசோதனைக்குப் பாவிக்கிறீங்கள்!” என்று வியந்தார். அன்று பாதையில் திரும்பி வரும்போது எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அதன் பிறகு கடைசி வரியிலிருந்து மேலே போய்ச் சரிபார்க்கும் என் பழைய பழக்கத்தை விட்டுவிட்டேன். பத்துப் பக்கத்துக்கு அது ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். சீப்புக்கு ஒரு நிமிடம்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

முகாமிலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. பெயர்களை வகைவகையாகப் பிரித்துக் கேட்டார்கள்: சொந்தத் தோணிக்காரர், கூட்டுக்குத் தொழில் செய்பவர், கூலிக்குப் போகிறவர்; எந்தத் தொழில் செய்தாலும் வேறு ஊரிலிருந்து இடம் மாறி வந்தவர் தனி. மிஸ் புரோகிராமை மாற்றிப் பதினொரு பக்கம் அனுப்பினார். பட்டியலைப் பிற்பகல் நாலு மணிக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அந்தக் கிழமை ஒருவருக்கும் கடல் இல்லை. நான் காலையிலிருந்து தட்டினேன். இடையில் கரண்ட் நின்று வந்தது. ஒரு மணிக்கு முடித்து, சீப்பைப் போட்டேன். கடைசி வரி அழகாக ஓரத்தில் வந்து நின்றது. பட்டியலை அடித்து, வழக்கம்போல எல்லோரும் பார்ப்பதற்காக ஒரு பிரதியைச் சங்கக் கதவில் ஒட்டினோம்.

சற்று நேரத்தில் வெளியே லத்தீப்பின் குரல் கேட்டது. அப்துல் லத்தீப் மூதூர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு இடம் மாறி வந்தவர். குறிஞ்சாக்கேணியில் ஜுனைதீன் என்பவரோடு கூட்டுக்குத் தொழில் செய்தார். தோணி ஜுனைதீனுடையது, வலை லத்தீப்பினுடையது. இருவரும் மூன்று வருடமாக ஒரே பானையில் சோறு எடுத்துக் கடலுக்குப் போனவர்கள்.

“என்ட பேரக் காணல்லயே” என்றார் லத்தீப்.

“கொம்பியூட்டருக்கு ஒன்னப் பிடிக்கல்ல போல மச்சான்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லத்தீப்பும் சிரித்தார். திரும்பவும் விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். இல்லை.

சிரிப்பு நின்றது. அந்தக் காலத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். ஒரு பட்டியலில் ஒருவரின் பெயர் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. முகாமுக்கு அவர்மேல் சந்தேகமோ என்று பயந்து, பக்கத்தில் நிற்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கதவடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகியதை ஜன்னல் வழியே நான் கண்டேன். லத்தீப்பைச் சுற்றி இடம் அகன்றது, அவ்வளவுதான்.

ஹாஜியார் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் ஜுனைதீனும் நாலைந்து பேரும் வாசலில் நின்றார்கள். லத்தீப் முற்றத்திலேயே நின்றார்.

“தம்பி, லத்தீப்ட பேர் ஏன் இல்ல? மெசின்ல பிழையா?”

நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு கதவும் திறந்து சாத்தியிருந்தது. கடைசி வரி ஓரத்தில். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிகச் சுருக்கமாக எது சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன்.

“புரோகிராம் சரி ஹாஜியார். பிழை இல்ல.”

அந்தச் சொற்களை ஜுனைதீன் கேட்டார். வெளியே போய், லத்தீப்பின் முகத்தைப் பார்க்காமல், “மச்சான், இந்தக் கிழம நீ கரையில நில்லு. என்ன ஏதெண்டு பாப்பம்” என்றார்.

“நான் என்னடா செஞ்சன்?”

“நீ செஞ்ச எண்டு நான் செல்லல்லயே. மெசின் செல்லுது.”

நான் கதிரையில் இருந்தேன். மணி இரண்டே கால். பிழை இல்லை என்று நான் சொன்னதை நானே திரும்பத் திரும்ப யோசித்தேன். பிழை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒழுங்காக நிற்கிறது, அதனால் தெரியும். சரி, ஒழுங்காக நின்றால் என்ன தெரியும்? திறந்தவை எல்லாம் சாத்தியிருக்கின்றன. அவ்வளவுதானா? அவ்வளவுதான். திறக்கவே படாத ஒன்று இருந்தால்?

பதினோராம் பக்கத்தை எடுத்தேன். தோணி இலக்கம்போல, கடைசி வரியிலிருந்து மேலே போகத் தொடங்கினேன். ஹாஜியார் வந்து, “நேரம் போகுது தம்பி, கொண்டுபோய்க் குடுப்பம்” என்றார். கொடுக்கலாம். கொடுத்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கடலுக்குப் போவார்கள், ஒருவர் நிற்பார். நிறுத்தினால், கரண்ட் போனால், ஒருவரும் போகமாட்டார்கள். நான் பட்டியலை அவரிடம் கொடுத்துவிட்டு, “மூண்டரை வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள ஒண்டும் கெடைக்காட்டி இதையே கொண்டுபோங்க” என்றேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசியதைக் கண்டு அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழாம் பக்கத்தின் மேற்பகுதியில் அது இருந்தது. கடதாசியில் ஒன்பது வரிகள்: ஒரு கதவு திறந்து, இடம் மாறி வந்தவர்களின் பெயர்களை எடுத்து, அதே கதவு சாத்துகிறது. திரையில் அந்த ஒன்பது வரிகளும் இல்லை. அதற்கு முந்திய வகையும் அதே மூன்று வரிகளில் முடிகிறது. கரண்ட் போய் வந்தபோது என் கண் ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவுக்குத் தாவியிருக்கிறது. ஒரு வரி தொலைந்திருந்தால் சீப்பு காட்டிக் கொடுத்திருக்கும். கதவும் அறையும் முழுதாகத் தொலைந்ததால் காட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. இருந்த வரிகளை அது நேர்மையாகச் சீவிவிட்டது.

ஒன்பது வரியையும் தட்டினேன். பட்டியல் மறுபடி வந்தபோது மூன்று பெயர்கள் புதிதாக இருந்தன. மற்ற இருவரும் அன்று அந்தப் பக்கமே வரவில்லை. அவர்களுக்கு இது தெரியாமலே போயிற்று. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க ஹாஜியார் சைக்கிளில் போனார். போகிற போக்கில் முற்றத்தில் நின்றவர்களிடம், “மெசின் தடுமாறிட்டு. இப்ப சரி. லத்தீப்ட பேர் இரிக்கி” என்று சொன்னார்.

அந்த நேரம் நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். மெசின் அல்ல, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

லத்தீப் அந்தக் கிழமை கடலுக்குப் போனார். அடுத்த மாதம் ஜுனைதீன் வேறொருவரைக் கூட்டுக்குச் சேர்த்துக்கொண்டார். சண்டை ஏதும் இல்லை. “ஒருக்கா விடுபட்ட பேர், எதுக்கும் கவனமா இரிக்கோணும்” என்று அவர் யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. லத்தீப் வலையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு கூலிக்குப் போனார், பிறகு அறுந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். மெசின் தடுமாறியது என்று ஹாஜியார் சொன்னது ஒருவருக்கும் நினைவில்லை. மெசின் விட்டது என்பதுதான் நின்றது.

மிஸ்ஸிடம் மட்டும் சொன்னேன். அவர் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். “இது என்ட பிழையும்தான் காக்கா. எத்தினை வரி எண்டு ஒவ்வொரு பக்கத்திலயும் போட்டு அனுப்பியிருக்கோணும்” என்றார். அன்றிலிருந்து போட்டார், நானும் எண்ணிப் பார்த்தேன். சீப்பைக் கைவிடச் சொல்லவில்லை. “அது தன்ட வேலையைச் செய்தது. தராத வேலையை எப்பிடிச் செய்யும்?” பிறகு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், “அந்த மனுசனிட்ட சொன்னீங்களோ?”

“இல்ல மிஸ்.”

அவர் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். அது எனக்கு ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது.

உங்கள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிய நாள் முதல் எனக்கு நித்திரை சரியில்லை. முந்தாநாள் லத்தீப்பின் வீட்டுக்குப் போனேன். மாமர நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சீப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலை ஊசியை ஓட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்ப நீதான்” என்றார்.

“ஓம்.”

“சரி, அது எப்பிடி ஒனக்குத் தெரியாமப் போன? எனக்கு அது வெளங்கல்ல.” கோபத்தைவிட அவருக்கு அதை அறிய வேண்டும் என்பது பெரிதாக இருந்தது. நான் மண்ணில் விரலால் வரிகளைக் கோடாகப் போட்டுக் காட்டினேன். ஒன்பது கோட்டை அழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துப் போட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

“ஓம் ஓம். வலையில ஒரு கண் அறுந்தா ஓட்டை தெரியும். நாலு பாகம் நீளத்தக் கழட்டிட்டு ரெண்டு பக்கத்தையும் சேத்துக் கட்டினா, வலை நல்லாத்தான் இரிக்கும். கட்டையா இரிக்கும். அளந்து பாத்தாத்தான் தெரியும்.” அவருக்கு அது விளங்கிவிட்டது. நான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தது.

“ஜுனைதீன் மவுத்தாகி, அடக்கி நாலு வருசம்” என்றார் பிறகு. “அவன்ட மனுசி இப்பவும் என்னக் கண்டா முந்தானைய இழுத்துக்கிட்டுப் போறா. என்னில என்ன குத்தம் எண்டு அவக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே சில நேரம் சந்தேகம் வரும், நான் என்னமும் செஞ்சிட்டனா எண்டு.”

“நான் அவங்கட்ட போய்ச் செல்றன்.”

“நீயா? நீ ஜன்னல்ல நிப்பாய்.” சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். “வாயால செல்லாத. எழுது. என்ட முழுப்பேரையும் போட்டு, நீதான் விட்ட எண்டு போட்டு, தேதியும் போட்டு எழுது. ஒரு பிரதிய எனக்குத் தா. அவட வீட்டுக்கு நானே கொண்டுபோறன்.”

பிள்ளைகளே, உங்கள் கருவி நல்லது, பாவியுங்கள். அது சீவி முடித்த பிறகு, வந்து சேர வேண்டியவை எல்லாம் வந்தனவா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாராவது வந்து கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இந்தக் கடதாசியில் உங்களுக்கு உரியது அவ்வளவே. மிச்சம் லத்தீப்புக்கு உரியது.

குறிஞ்சாக்கேணி அப்துல் லத்தீப்பின் பெயரைப் பட்டியலில் விட்டது மெசின் அல்ல, முகாம் அல்ல, வேறு எவரும் அல்ல. ஏழாம் பக்கத்தில் ஒன்பது வரிகளைத் தட்டாமல் விட்டவன் நான். பிழை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னவனும் நான். அவர்மீது எந்தக் குற்றமும் எக்காலத்திலும் இருந்ததில்லை.

2021 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை.